தென்னை நிழலில் மருள் வளர்ப்பு

குமரி மாவட்டத்தில் ஐம்பது சென்ட், ஒரு ஏக்கர் என்ற அளவில் தென்னை விளை வைத்திருக்கும் சிறு விவசாயிகளே மிகுதி. இவர்களில் பலருடைய விளைகளில் மரங்களுக்கு இடையே உள்ள நிலம் புல் மண்டிக் கிடக்கிறது. வாழை போடலாம் என்றால் மரம் முதிர்ந்து நிழல் விழுகிறது. மரச்சீனி போடலாம் என்றால் பன்றியும் எலியும் விடுவதில்லை. ஆள் கூலி கொடுத்து அடிக்கடி பாடுபார்க்கவும் வசதியில்லை. இப்படிப்பட்ட நிலத்துக்கு ஏற்ற ஒரு செடியைப் பற்றி இந்த வாரம் பார்ப்போம். இது வெளிநாட்டிலிருந்து வந்த செடியன்று. நம் மண்ணிலேயே புதரோரங்களிலும் வேலியடியிலும் தானாக வளரும் மருள்தான் அது.

மருள் என்பது எது?

சங்கப் பாடல்களில் மரல் என்று பேசப்படும் செடியே மருள். கோடையில் மற்றவை காய்ந்தாலும் இது பசுமை மாறாமல் நிற்பதால் பாலை நிலத்தைப் பாடிய புலவர்கள் கண்ணில் பட்டது. இதன் இலையிலிருந்து எடுக்கும் நார் மிக உறுதியானது. வில்லுக்கு நாண் திரிக்க அக்காலத்தில் பயன்பட்டதால் ஆங்கிலேயர் இதற்கு 'வில்நாண் சணல்' என்று பெயர் வைத்தனர். தாவர நூலார் இதைச் சான்சிவேரியா ராக்ஸ்பர்கியானா என்று அழைத்து வந்தனர். 2018ஆம் ஆண்டு முதல் இது டிரசீனா இனத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. பெயர் மாறினாலும் செடி அதேதான்.

சோற்றுக் கற்றாழையோடும் ஆனைக் கற்றாழையோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவ்விரண்டிலும் இலை விளிம்பில் முள் உண்டு. மருளில் முள் இல்லை. இலைகள் நிமிர்ந்து, தடித்து, உட்பக்கம் வாய்க்கால்போல் குழிந்து, ஒன்று முதல் இரண்டு அடி உயரம் வரை வளரும். பச்சை இலையின்மேல் கரும்பச்சைக் குறுக்கு வரிகள் பாம்பின் உடலில் உள்ளதுபோல் அமைந்திருக்கும். இந்த வரிகளே இதன் அழகு. மண்ணுக்குள் கிழங்கு படர்ந்து பக்கக் கன்றுகளை விட்டுக்கொண்டே போகும். ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் இருக்கும்.

இன்று வீட்டு வாசலிலும் அலுவலக மேசையிலும் 'ஸ்நேக் பிளாண்ட்' என்ற பெயரில் வைக்கப்படும் செடி, மருளின் ஆப்பிரிக்க உறவு. அதில் மஞ்சள் விளிம்பு உள்ள வகைக்கே கேட்பு அதிகம். நம் நாட்டு மருளுக்கு மஞ்சள் விளிம்பு இல்லை. ஆனால் வறட்சியைத் தாங்குவதிலும் குறைந்த கவனிப்பில் பிழைப்பதிலும் அது எதற்கும் குறைந்ததில்லை. கன்றுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது சிறு விவசாயிக்குப் பெரிய லாபம்.

நிழல் எவ்வளவு வேண்டும்?

மருள் நிழலைத் தாங்கும். ஆனால் இருட்டை விரும்பும் என்று எண்ணிவிடக் கூடாது. அடர்ந்த நிழலில் இலை ஒடுங்கி நீண்டு சாயும், வரிகள் மங்கும். உச்சி வெயில் நேராக அடிக்கும் இடத்தில் இலை வெளிறி மஞ்சளிக்கும். பாதி வெயில் பாதி நிழலாக ஒளி சிதறி விழும் இடத்தில்தான் வரிகள் பளிச்சென்று தெரியும்.

தென்னையின் வயதுக்கும் நிழலுக்கும் தொடர்பு உண்டு. நட்ட முதல் ஏழெட்டு ஆண்டுகள் வரை தோப்பில் வெயில் நிறைய விழும். எட்டு முதல் இருபத்தைந்து ஆண்டுகள் வரை ஓலைகள் ஒன்றோடொன்று கூடி நிழல் அடர்த்தியாக இருக்கும். அதன்பின் மரம் உயர உயரத் தரையில் ஒளி மீண்டும் கூடும். ஆகவே இருபத்தைந்து வயதைத் தாண்டிய தோப்பே மருளுக்கு முதல் தரம். நடுவயதுத் தோப்பு வைத்திருப்பவர்கள் தோப்பின் ஓரங்களிலும் மரம் பட்டுப்போன இடைவெளிகளிலும் மட்டும் நடலாம்.

மண்ணும் மழையும்

இந்தச் செடியின் இயல்பு ஒன்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான பயிர்கள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றை உள்ளே எடுக்கின்றன. அப்போது நீரும் ஆவியாகிப் போகிறது. மருள் அப்படியன்று. பகலில் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கும். அதனால் நீர்ச் செலவு மிகக் குறைவு. தடித்த இலையிலும் கிழங்கிலும் நீரைச் சேர்த்தும் வைத்துக்கொள்ளும். இதனால்தான் கோடையைத் தாங்குகிறது. இதே காரணத்தால் ஈரம் தேங்கினால் அழுகுகிறது.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என இரண்டும் உண்டு. மருள் வளர்ப்பவருக்கு மழைக்காலமே சோதனைக்காலம். எனவே இடத்துக்கு ஏற்ற முறையைக் கையாள வேண்டும்.

கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் சரளைச் செம்மண் மேடுகளில் நீர் நன்றாக வடியும். ஆனால் மழை அதிகம். அங்கே ஒரு அடி உயர மேட்டுப்பாத்தி அவசியம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளின் மேட்டு விளைகளில் மழை குறைவு. அங்கே அரையடி உயரம் போதும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நேராக அடிக்கும் இடங்களில் தெற்கு வடக்காக ஒரு வரிசை உயிர்வேலி இருந்தால் இலை ஒடியாமல் இருக்கும்.

நாஞ்சில் நாட்டில் நெல் வயலில் மண் அடித்துத் தென்னை வைத்த தோப்புகள் பல உண்டு. சுற்றிலும் கன்னிப்பூ, கும்பப்பூ நெல் நிற்கும்போது இத்தோப்புகளில் நிலத்தடி ஈரம் மேலேயே நிற்கும். இங்கே மருளைத் தரையில் நடவே கூடாது. வேண்டுமானால் பைகளிலோ தொட்டிகளிலோ வைத்து, அவற்றைச் செங்கல் அல்லது கதம்பை அடுக்கின் மேல் நிறுத்தி வளர்க்கலாம்.

தாய்ச் செடி சேகரித்தல்

உங்கள் வேலியோரத்திலோ அக்கம்பக்கத்தார் விளையிலோ மருள் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காப்புக் காடுகளிலிருந்தும் சரணாலயப் பகுதியிலிருந்தும் பிடுங்கி வருவது சட்டப்படி குற்றம். 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டமும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இதைத் தடுக்கின்றன. குற்றம் என்பது ஒருபுறமிருக்க, மலையில் உள்ளதை எல்லாரும் பிடுங்கினால் சில ஆண்டுகளில் அங்கே இருந்த தடமே இருக்காது. பத்துச் செடி கிடைத்தாலும் அதைப் பெருக்கிக்கொள்ள இரண்டு ஆண்டுகள் போதும்.

எல்லாச் செடியும் ஒரே அழகாக இராது. வரிகள் தெளிவாகவும் நெருக்கமாகவும் உள்ள செடி, இலை நுனி காயாத செடி, நிமிர்ந்து நிற்கும் செடி ஆகியவற்றை மட்டும் தாயாகத் தேர்ந்தெடுங்கள். இந்தத் தேர்வில் காட்டும் பொறுமை பின்னால் விலையில் தெரியும்.

பெருக்கும் முறைகள்

இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, கிழங்கு பிரித்தல். மாசி, பங்குனி மாதங்களில் தூரைத் தோண்டி எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் மூன்று நான்கு இலையும் சிறிது வேரும் இருக்குமாறு கூரிய கத்தியால் பிரிக்க வேண்டும். வெட்டிய இடத்தில் அடுப்புச் சாம்பலோ மரக்கரித் தூளோ தடவி, இரண்டு நாள் நிழலில் ஆறவிட்டு நட வேண்டும். பச்சைக் காயத்தோடு நட்டால் அழுகும். இப்படி நட்ட செடி எட்டு முதல் பன்னிரண்டு மாதங்களில் விற்பனைக்குத் தேறும்.

இரண்டாவது, இலைத் துண்டு. முற்றிய இலையை மூன்று அங்குலத் துண்டுகளாக நறுக்க வேண்டும். துண்டின் அடிப்பக்கம் எது, நுனிப்பக்கம் எது என்பது முக்கியம். தலைகீழாக நட்டால் வேர் விடாது. நறுக்கும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனிப்பக்கத்தை நேராகவும் வெட்டிவிட்டால் குழப்பம் வராது. இரண்டு நாள் ஆறவிட்டு, மணல் கலந்த நார்க்கழிவில் ஒரு அங்குல ஆழத்துக்குச் செருக வேண்டும். நான்கு முதல் ஆறு வாரங்களில் வேர் பிடிக்கும். புதுக் குருத்து மண்ணுக்கு வெளியே வர மேலும் இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். இலை வாடவில்லை என்றால் பிடுங்கிப் பார்க்காமல் காத்திருங்கள். இம்முறையில் செடி தேற ஒன்றரை ஆண்டு வரை ஆகும். ஆனால் ஒரு இலையிலிருந்து ஐந்தாறு செடிகள் கிடைக்கும்.

மஞ்சள் விளிம்பு வகையில் ஓர் எச்சரிக்கை

நாட்டு மருளோடு மஞ்சள் விளிம்பு வகையையும் சேர்த்து வளர்க்கப் பலர் ஆசைப்படுவார்கள். அதில் தவறில்லை. ஆனால் இங்கேதான் பணத்தை இழக்கும் வாய்ப்பு உள்ளது.

மஞ்சள் விளிம்பு வகையின் இலையில் இரு வேறு திசுக்கள் ஒட்டி வாழ்கின்றன. விளிம்பில் பச்சையம் இல்லாத திசு. நடுவில் பச்சையம் உள்ள திசு. கிழங்கிலிருந்து வரும் கன்றில் இரண்டும் சேர்ந்தே வரும். இலைத் துண்டிலிருந்து எழும் குருத்தோ பச்சைத் திசுவிலிருந்து மட்டும் புறப்படுகிறது. அதனால் புதுச் செடியில் மஞ்சள் விளிம்பு இருக்காது. வெறும் பச்சையாகவே இருக்கும். எத்தனை ஆண்டு வளர்த்தாலும், எந்த உரம் போட்டாலும் அது திரும்ப வராது.

எனவே மஞ்சள் விளிம்பு வகையைக் கிழங்கு பிரித்து மட்டுமே பெருக்க வேண்டும். 'இப்போது பச்சையாக இருக்கிறது, வளர்ந்தால் மஞ்சள் வந்துவிடும்' என்று சொல்லி எவரேனும் சிறு கன்றுகளை விற்றால் வாங்காதீர்கள். விளிம்பு கண்ணுக்குத் தெரியும் கன்றுக்கு மட்டும் பணம் கொடுங்கள். நாட்டு மருளில் இந்தச் சிக்கல் இல்லை. வரிகள் செடியின் பிறவிக் குணம். இலையிலிருந்து வந்தாலும் கிழங்கிலிருந்து வந்தாலும் வரிகள் உண்டு.

நடவு

தென்னையை ஏழரை மீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால் ஏக்கருக்குச் சுமார் எழுபது மரங்கள் இருக்கும். தென்னையின் வேர்களில் பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள் அடங்கும். அந்த வட்டத்தைத் தொடக் கூடாது. இரு பக்கமும் இரண்டு மீட்டர் விட்டால் வரிசைகளுக்கு நடுவே மூன்றரை மீட்டர் அகலம் கிடைக்கும். அதில் நான்கு அடி அகலப் பாத்திகள் இரண்டும், நடுவே இரண்டடி நடைபாதையும் அமைக்கலாம்.

பாத்தியில் சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ வீதம் நன்கு மக்கிய தொழுவுரம் இட்டு மம்பட்டியால் கொத்திக் கலக்கவும். மக்காத சாணம் போட்டால் காண்டாமிருக வண்டின் புழு அதில் வளர்ந்து, கடைசியில் தென்னைக்கே கேடாகும். பாத்திக்கு மூன்று வரிசை, வரிசைக்கு வரிசை 40 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் இடைவெளி விடவும். முப்பது மீட்டர் நீளமுள்ள ஒரு பாத்தியில் 300 செடிகள் பிடிக்கும். இரண்டு பாத்திக்கு 600. முதல் ஆண்டு இதற்கு மேல் போக வேண்டாம்.

பையில் வளர்ப்பதானால் செம்மண், மணல், மக்கிய உரம் மூன்றையும் சம பங்கு கலந்து, அதில் பாதிப் பங்கு மக்கிய நார்க்கழிவைச் சேர்க்கவும். பையின் அடியில் ஓட்டைகள் தாராளமாக இருக்கட்டும்.

நீரும் உரமும்

நட்ட பிறகு ஒரு வாரம் நீர் விட வேண்டாம். அதன்பின் வேர் பிடிக்கும் வரை வாரம் ஒருமுறை, பிறகு கோடையில் பத்துப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை போதும். விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் விடுங்கள். இலைகளின் நடுக்குருத்தில் நீர் ஊற்றக் கூடாது. மழைக்காலத்தில் பாசனம் அறவே வேண்டாம். வடிகால் வெட்டுவதே வேலை.

இலை வளர வேண்டும் என்று யூரியாவை அள்ளி வீசுவது கெடுதல். தழைச்சத்து மிகுந்தால் இலை மென்மையாகி அழுகல் நோய்க்கு இடம் கொடுக்கும். கோடை மாதங்களில் மட்டும், மாதம் ஒருமுறை, மூன்று சத்தும் சமமாக உள்ள நீரில் கரையும் உரத்தை லிட்டருக்கு இரண்டு கிராம் கரைத்து ஊற்றினால் போதும்.

ஊடுபயிர் வைத்தவர்கள் தென்னைக்கு உரம் போடுவதை நிறுத்திவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. மரம் ஒன்றுக்கு ஆண்டுக்குத் தொழுவுரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்ற அளவை இரண்டு தவணையாகப் பிரித்துத் தென்னைக்குத் தனியே கொடுத்தாக வேண்டும். தேங்காய் குறைந்து மருள் விற்றால் அது வருமானம் ஆகாது.

பயிர்ப் பாதுகாப்பு

அழுகல்: இலையின் அடிப்பகுதி நீர் கோத்து மெத்தென்று ஆகி நாற்றம் எடுக்கும். அத்தகைய செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். வெட்டிய கத்தியைக் கழுவி, தீயில் காட்டிய பிறகே அடுத்த செடியைத் தொடுங்கள். முன்தடுப்பாக 50 கிலோ மக்கிய தொழுவுரத்தில் 2.5 கிலோ டிரைக்கோடெர்மா விரிடி கலந்து நடவுக்கு முன் பாத்தியில் இடலாம்.

இலைப்புள்ளி: மழை நாட்களில் வட்டமான பழுப்புப் புள்ளிகள் தோன்றிப் பெருகும். பாதித்த இலைகளை அறுத்து எரித்துவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து மழை விட்ட நாளில் தெளிக்கவும். ஓர் இலை கறைபட்டாலும் அழகுச் செடிக்கு விலை பாதியாகிவிடும். ஆகவே நோய் வந்தபின் மருந்து தேடுவதைவிட, நெருக்கி நடாமல் காற்றோட்டம் விடுவதே சிறந்தது.

மாவுப்பூச்சி: இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும். சில செடிகளில் என்றால் துணியால் துடைத்துவிடலாம். பரவியிருந்தால் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதக் கரைசல் தெளிக்கவும்.

நத்தை: மழைக்கால இரவில் வெளிவந்து இளங்குருத்தைத் தின்னும். மாலையில் ஈரச் சாக்கை விரித்து அதன்மேல் முட்டைகோஸ், பப்பாளி இலைகளைப் போட்டு வைத்தால் அங்கே வந்து சேரும். காலையில் பொறுக்கி உப்பு நீரில் போட்டு அழிக்கலாம். கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

விழும் மட்டையும் தேங்காயும் இலைகளை ஒடித்துவிடும். தேங்காய் வெட்டுக்கு முன் நடைபாதைப் பக்கமாக விழச் செய்யும்படி ஏறுபவரிடம் சொல்லிவையுங்கள். மருளில் சப்போனின் என்ற பொருள் இருப்பதால் கழித்த இலைகளை ஆடுமாடுகளுக்குப் போட வேண்டாம். சிறு குழந்தைகள் வாயில் வைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்பனை

முதலில் வாங்குபவரைப் பாருங்கள். பிறகு பாத்தி போடுங்கள். மல்லிகை, பிச்சிபோலத் தோவாளைச் சந்தைக்கு விடியலில் கொண்டுபோய்க் கொட்டி அன்றே காசாக்கும் பொருள் இதுவன்று. தோவாளை உதிரிப் பூவுக்கும் மாலைக்கும் பேர்போன இடம். அங்கே கட்டும் மாணிக்க மாலை 2025ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றது. மருளுக்கு வேறு வாடிக்கையாளர்கள் உள்ளனர். நாகர்கோவில், மார்த்தாண்டம், திருவனந்தபுரம் பகுதிகளின் நாற்றுப் பண்ணைக்காரர்கள் தொட்டிச் செடியாக வாங்குவார்கள். பூங்கொத்து கட்டுபவர்களும் திருமண மேடை அலங்காரம் செய்பவர்களும் அறுத்த இலையாக வாங்குவார்கள். அறுத்த இலை தண்ணீரில் பல நாட்கள் வாடாமல் நிற்பது அவர்களுக்கு வசதி.

இரண்டு மூன்று மாதிரிச் செடிகளைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். என்ன உயரம் வேண்டும், எத்தனை இலை வேண்டும், மாதம் எத்தனை எடுப்பார்கள், பணம் எப்போது தருவார்கள் என்ற நான்கையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செடி வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. 1989இல் அமெரிக்க விண்வெளி நிறுவனம் மூடிய சிறு பெட்டியில் செய்த ஆய்விலிருந்து பிறந்த பேச்சு இது. சாதாரண வீட்டில் ஜன்னலைத் திறந்தால் கிடைக்கும் பலனுக்கு முன் செடியின் பலன் மிகச் சொற்பம் என்று 2019இல் வெளிவந்த ஆய்வு மதிப்பீடு காட்டியது. பொய் சொல்லி விற்க வேண்டிய அவசியம் மருளுக்கு இல்லை. அழகாக இருக்கும், நீர் குறைவாகக் கேட்கும், வெயில் வராத திண்ணையிலும் பிழைக்கும் என்ற உண்மையே போதும்.

கணக்கு வைத்தல்

செலவைச் செடியின் எண்ணிக்கையால் வகுக்கும்போது பலர் தவறிவிடுகிறார்கள். எடுத்துக்காட்டாக, 600 செடிக்குப் பை, உரம், கூலி எல்லாம் சேர்ந்து 7,200 ரூபாய் ஆனதாக வைத்துக்கொள்வோம். செடிக்கு 12 ரூபாய் அடக்கம் என்று தோன்றும். ஆனால் மழையில் அழுகியதும் இலை ஒடிந்ததும் போக 480 செடிதான் விலைக்குத் தேறியது என்றால், அடக்கம் 15 ரூபாய். 14 ரூபாய்க்குக் கொடுத்தவர் செடிக்கு 2 ரூபாய் லாபம் என்று நினைப்பார்; உண்மையில் 1 ரூபாய் நஷ்டப்படுகிறார். வீட்டார் உழைப்பையும் கூலியாக எழுதுங்கள். அதை விட்டுவிட்டுப் போடும் கணக்கு கணக்கே அல்ல.

இதற்காகக் கடன் வாங்க வேண்டாம். நெல்லுக்கோ தென்னைக்கோ மாற்றாக இதை நினைக்கவும் வேண்டாம். சும்மா கிடக்கும் இரண்டு பாத்தி நிலத்தில் வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்ளும் உபதொழில் இது. வேர் வாடல் நோயால் காய்ப்புக் குறைந்த தோப்புகளில் இத்தகைய சிறு வரவும் கைகொடுக்கும்.

மாத வாரியாக வேலைகள்

மாசி, பங்குனி: கும்பப்பூ அறுப்பு முடிந்து கை ஓய்ந்திருக்கும் நேரம். தாய்ச் செடி தேர்வு, கிழங்கு பிரித்தல், இலைத் துண்டு நடுதல்.

சித்திரை, வைகாசி: அளவான நீர், மாதம் ஒருமுறை கரையும் உரம், களை எடுத்தல். மழைக்கு முன் வடிகால்களைச் செப்பனிடுதல்.

ஆனி, ஆடி: நீர் நிறுத்தம். அழுகலையும் நத்தையையும் வாரம் இருமுறை பார்த்தல்.

ஆவணி, புரட்டாசி: போக்கிடங்களை நிரப்புதல், பக்கக் கன்றுகளைப் பைக்கு மாற்றுதல், தென்னைக்கு இரண்டாம் தவணை உரம்.

ஐப்பசி, கார்த்திகை: மீண்டும் வடிகால், இலைப்புள்ளிக் கண்காணிப்பு.

மார்கழி, தை: தேறிய செடிகளைத் தரம் பிரித்து விற்றல். கல்யாண முகூர்த்தங்கள் தையில் தொடங்குவதால் அலங்கார இலைக்கும் அப்போது கேட்பு இருக்கும்.

மேலும் விவரம் வேண்டுவோர் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தையும் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம். போகும்போது உங்கள் தோப்பு மண்ணில் ஒரு கிலோவும், நோய் கண்ட இலை இருந்தால் அதைக் காகிதத்தில் சுற்றியும் எடுத்துச் செல்லுங்கள். அவற்றை நேரில் பார்த்துச் சொல்லும் யோசனையே உங்கள் விளைக்குப் பொருந்தும்.